கடைமடை காய்ந்ததா, வாடியதா? மாரடைப்புக்குப் பிறகு இதய எம்.ஆர்.ஐ.: முழுமையான வழிகாட்டி

எங்கள் பெரியப்பா தேவகோட்டைக்காரர். ஒரு விடியற்காலையில் அவருக்கு நெஞ்சு கரித்தது. வாயுத் தொல்லை என்று ஓம வாட்டர் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார். ஆஸ்பத்திரி போய்ச் சேர மதியமாகிவிட்டது. ஸ்டென்ட் வைத்தார்கள். நான்காம் நாள் எக்கோவில் பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் இடது கீழறை வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 34 சதவீதம் என்று வந்தது. டாக்டர் இதய எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார். நான் எம்.ஆர்.ஐ. அறையில் வேலை பார்ப்பவன் என்பதால் சீட்டு என் கைக்கு வந்தது.

"ஏம்ப்பா, அடைப்பத்தான் எடுத்துட்டாங்களே, இன்னும் என்னத்தப் பாக்கணும்?" என்றார்.

"வாய்க்கால் அடைஞ்சு கெடந்துச்சு பெரியப்பா, தூர் வாரியாச்சு, தண்ணி வருது. ஆனா கடைமடைப் பயிரு காஞ்சே போச்சா, வாடித்தான் கெடக்கா? வயல்ல எறங்கிப் பாத்தாத்தானே தெரியும்?" என்றேன். கண்மாய்ப் பாசனத்தில் வளர்ந்த மனிதர், அதற்கு மேல் கேட்கவில்லை.

அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். ஆஞ்சியோ ரத்தக்குழாயைக் காட்டும். எக்கோ இதயச் சுவர் அசைகிறதா என்று காட்டும். அசையாத சுவர் செத்துப்போனதா, அயர்ந்து கிடக்கிறதா என்று பிரித்துச் சொல்வதில் எம்.ஆர்.ஐ.க்கு இணையான படம் குறைவு. சிகிச்சை முடிவு உங்கள் இதய மருத்துவருடையது. அவர் சொல்வது புரிந்து, சரியான கேள்வி கேட்கும் அளவுக்கு இந்தக் கட்டுரை உதவும்.

படி 1: உங்களுக்கு இது வேண்டுமா?

எல்லோருக்கும் வேண்டாம். வலி வந்த ஓரிரு மணி நேரத்தில் ஆஸ்பத்திரி போய், அடைப்பு உடனே எடுக்கப்பட்டு, எக்கோவில் பம்பிங் நன்றாக இருந்தால் பெரும்பாலும் இந்த ஸ்கேன் இல்லாமலே சிகிச்சை நடக்கும். காசு இருக்கிறது என்பதற்காக எடுத்துக்கொள்ளும் பரிசோதனை இல்லை இது.

எடுக்கவேண்டிய இடங்கள் வேறு. தாமதமாக வந்தவர்கள், இதயத்தின் முன்சுவரில் பெரிய அட்டாக் வந்தவர்கள், பம்பிங் 40-க்குக் கீழே நிற்பவர்கள். உடல்வாகு காரணமாக எக்கோவில் படம் தெளிவாக விழாதவர்கள். இதய அறைக்குள் ரத்தக்கட்டி இருக்குமோ என்ற சந்தேகம் உள்ளவர்கள். பல நாள் மூடிக்கிடக்கும் குழாயைத் திறக்கலாமா, பைபாஸ் செய்யலாமா என்ற முடிவுக்காகக் காத்திருப்பவர்கள்.

இன்னொரு கூட்டம் உண்டு. நெஞ்சு வலி வந்திருக்கும், இ.சி.ஜி. மாறியிருக்கும், இதயத்தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தத்தில் ஏறியிருக்கும், ஆனால் ஆஞ்சியோவில் அடைப்பே இருக்காது. "ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க" என்று நிம்மதியாக ஊர் திரும்பிவிடுவார்கள். என்னைக் கேட்டால் எம்.ஆர்.ஐ. கட்டாயம் வேண்டியவர்கள் இவர்கள்தான். வந்தது மாரடைப்பா, இதயத்தசை அழற்சியா, பெரிய துக்கத்துக்கோ அதிர்ச்சிக்கோ பிறகு சில பெண்களுக்கு வரும் டகோட்சுபோ என்ற தற்காலிகத் தளர்ச்சியா என்று இந்தப் படம் பெரும்பாலும் பிரித்துச் சொல்லிவிடும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

படி 2: எப்போது எடுப்பது?

நாள் தவறினால் படம் சரியாக இருந்தாலும் அர்த்தம் தவறிப்போகும். ஆகவே இதை அவசரப்படாமல் படியுங்கள்.

முதல் வாரத்தில் எடுத்தால் தசை வீக்கம் தெரியும், எவ்வளவு பகுதி ஆபத்தில் இருந்தது, அதில் எவ்வளவு பிழைத்தது என்று கணக்கிடலாம். நுண்குழாய் அடைப்பும் ரத்தக்கட்டியும் தெரியும். ஆனால் வீக்கத்தால் சேதம் அசல் அளவைவிடப் பெரிதாகத் தெரியும். அடுத்த வாரங்களிலும் மாதங்களிலும் வடு சுருங்கும். பம்பிங்கும் அப்படித்தான். ரத்தம் திரும்பிய பிறகும் தசை சில நாள், சில வாரம் மயங்கிக் கிடக்கும். நான்காம் நாள் வரும் 34 என்ற எண்ணை வைத்து யாரும் வாழ்நாள் முடிவு எடுப்பதில்லை.

திடீர் மரணத்தைத் தடுக்க நெஞ்சில் பொருத்தும் ஐ.சி.டி. கருவி வேண்டுமா என்று பார்க்க, அட்டாக் வந்து குறைந்தது 40 நாளும், ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்து 90 நாளும் காத்திருப்பது வழக்கம். அதுவரை மருந்தை முழு அளவில் கொடுத்து, பிறகும் பம்பிங் 35-லோ அதற்குக் கீழோ நிற்கிறதா என்று பார்ப்பார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கும் எண்ணம் இருந்தால் கருவி பொருத்துவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். பொருத்திய பிறகு எடுக்க முடிந்தாலும் அந்த உலோகம் படத்தில் நிழல் விழச் செய்யும்.

"ஸ்டென்ட் வெச்சா ஆறு வாரத்துக்கு எம்.ஆர்.ஐ. கூடாது" என்று இன்னமும் ஊரில் சொல்கிறார்கள். இப்போது வைக்கப்படும் இதய ஸ்டென்ட்டுகளுக்கு அந்தக் காத்திருப்பு தேவையில்லை. 1.5 டெஸ்லா, 3 டெஸ்லா என்ற இரண்டு காந்த வலுவிலும் வைத்த நாளிலிருந்தே எடுக்கலாம். ஸ்டென்ட் அட்டையை மட்டும் கையோடு கொண்டு வாருங்கள்.

படி 3: சரியான மையத்தைத் தேடுதல்

மூளைக்கும் முதுகுக்கும் எடுக்கும் எல்லா இடத்திலும் இதயத்துக்கு எடுக்க முடியாது. இதயம் துடித்துக்கொண்டே இருக்கும் உறுப்பு. இ.சி.ஜி.யோடு இணைந்து எடுக்கும் வசதி, அதற்கான மென்பொருள், பழகிய டெக்னீசியன், இதயப் படம் வாசிக்கத் தெரிந்த ரேடியாலஜிஸ்ட் நான்கும் வேண்டும். காரைக்குடியிலிருந்து மதுரைக்கும் திருச்சிக்கும் ஏறக்குறைய ஒரே தூரம், இரண்டு பக்கமும் சுமார் 90 கிலோமீட்டர். கிளம்பும் முன் போனில் இரண்டு கேள்வி கேளுங்கள்: "மாரடைப்புக்குப் பிறகு பார்க்கும் வயபிலிட்டி எம்.ஆர்.ஐ. எடுக்கிறீர்களா? வாசிப்பவர் இதயப் படம் தொடர்ந்து பார்ப்பவரா?" வயபிலிட்டி என்றால் தசையில் உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது. பதில் இழுத்தால் வேறு இடம் பாருங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் முன்அனுமதி பற்றிக் காப்பீட்டு கவுண்ட்டரில் முதலில் விசாரித்துவிடுங்கள். ஸ்கேன் முடிந்த பிறகு கேட்டு வருத்தப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படி 4: வீட்டிலேயே செய்யவேண்டிய தயாரிப்பு

முதலில் உலோகம். அறைக்குள் இருப்பது பெரிய காந்தம், அது எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும், இரவில்கூட அணைப்பதில்லை. எங்கள் பக்கத்து ஆச்சிமார் தாலிச் சங்கிலியைக் கழற்ற மனம் ஒப்பமாட்டார்கள். அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. முதல் நாளே வீட்டில் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கோத்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டால் அறை வாசலில் சங்கடம் வராது. மெட்டி, மூக்குத்தி, கொண்டை ஊசி, வெள்ளி அரைஞாண், தகடு வைத்த தாயத்து எல்லாம் கழற்ற வேண்டும். முப்பது வருடமாக விரலில் இறுகிப்போன மோதிரத்தைச் சோப்புப் போட்டு முதல் நாள் இரவே எடுங்கள். சரிகைச் சேலையில் உலோக இழை இருக்கும், அங்கே கொடுக்கும் உடைக்கு மாறிக்கொள்ளலாம். நெஞ்சில் ஒட்டும் மருந்துப் பட்டைகள் சிலவற்றின் பின்புறம் உலோகத் தாள் உண்டு, இருந்தால் சொல்லிவிடுங்கள்.

உடம்புக்குள் இருப்பது இன்னும் முக்கியம். பேஸ்மேக்கர், காதுக்குள் வைத்த கருவி, மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப், இன்சுலின் பம்ப் இவற்றைப் பற்றி முன்பே சொல்ல வேண்டும். எம்.ஆர்.ஐ.க்கு ஏற்ற பேஸ்மேக்கர்கள் இப்போது உண்டு, ஆனால் மாடல் எண் தெரியாமல் யாரும் உள்ளே விடமாட்டார்கள். நம் பக்கத்தில் மலேசியா, சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு அங்கேயே ஆபரேஷன் செய்துகொண்டு வந்தவர்கள் நிறைய. அந்தப் பழைய காகிதங்களைப் பெட்டியிலிருந்து தேடி எடுங்கள். லேத், வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்து எப்போதாவது கண்ணில் இரும்புத் தூள் விழுந்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள். கண்ணுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே அனுப்புவார்கள்.

அடுத்தது சிறுநீரகம். கிரியேட்டினின் பரிசோதனை சமீபத்தில் எடுத்ததாக இருக்கட்டும். சேதம் படத்தில் தெரிவதற்காக இங்கே ஊசியாகப் போடும் காடோலினியம் மருந்து, ஆஞ்சியோவில் போட்ட அயோடின் மருந்து இல்லை. ஆகவே "அந்த மருந்து ஒத்துக்கலை" என்பது இதற்கு அப்படியே பொருந்தாது, ஆனாலும் சொல்லி வையுங்கள். சிறுநீரகம் வடிகட்டும் திறன் (ரிப்போர்ட்டில் eGFR) 30-க்குக் கீழே இருந்தாலோ டயாலிசிஸ் செய்பவர் என்றாலோ தோலும் தசையும் இறுகும் ஓர் அரிய பாதிப்பு பழைய வகை மருந்துகளால் வந்திருக்கிறது. வளைய அமைப்புள்ள புதிய வகைகளில் அந்த ஆபத்து மிகமிகக் குறைவு.

அடினோசின் மருந்தால் இதய ரத்தக்குழாய்களை விரித்து ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்ட்ரெஸ் பரிசோதனையும் சேர்த்து எழுதியிருந்தால் 24 மணி நேரத்துக்குக் காபி, டீ, கோலா, சாக்லேட் எதுவும் கூடாது. காலை ஃபில்டர் காபி ஒன்று போதும், அடினோசின் மருந்து வேலை செய்யாமல் போக. ஆஸ்துமா இருப்பவர்களும், தியோஃபிலின் கலந்த மூச்சிரைப்பு மாத்திரை சாப்பிடுபவர்களும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், டிகாக்ரெலார் மாத்திரைகளை ஸ்கேனுக்காக நீங்களாக நிறுத்தவே கூடாது. புது ஸ்டென்ட் மூடிக்கொள்ளும்.

இன்னொன்று, மூச்சுப் பயிற்சி. மூச்சை இழுத்து, வெளியே விட்டு, விட்ட நிலையில் 10 முதல் 15 நொடி நிறுத்த வேண்டும். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து நாலு நாள் பழகினால் போதும். பெரியப்பா முற்றத்தில் உட்கார்ந்து எண்ணிப் பழகினார். அவர் படங்கள் கண்ணாடி மாதிரி வந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

படி 5: உள்ளே என்ன நடக்கிறது

மொத்தம் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். கதிர்வீச்சு இல்லை. சத்தம் அதிகம், அதனால் காதுக்கு அடைப்பான் தருவார்கள். நெஞ்சில் இ.சி.ஜி. ஒட்டி, அதன் மேலே படம் பிடிக்க உதவும் 'காயில்' என்ற கருவியை வைத்து, கையில் ஒரு அழுத்தும் பந்து கொடுப்போம். பயமாக இருந்தால் அழுத்துங்கள், உடனே வெளியே எடுப்போம். மூடிய இடத்தில் இருக்கப் பயப்படுபவர்கள் முன்பே சொன்னால் லேசான மயக்க மருந்துக்கு ஏற்பாடு செய்யலாம்.

முதலில் சினி படங்கள். இதயம் சுருங்கி விரிவதைச் சினிமா போலப் பல குறுக்குவெட்டுகளில் எடுப்போம். அடுக்கடுக்காக எடுத்து ரத்த அளவைக் கூட்டிப் பம்பிங்கைக் கணக்கிடுவதால், ஒரே ஆளுக்கு மறுபடி எடுத்தாலும் எண் அதிகம் மாறாது. துடிப்பு தாறுமாறாக இருந்தால் படம் கலங்கும், அதற்கும் மாற்று முறைகள் உண்டு.

அடுத்து டி2 படங்கள். இவற்றில் நீர் கோத்த தசை தனியாகத் தெரியும். வீக்கம் இருந்தால் சேதம் புதியது, இல்லாமல் வடு மட்டும் இருந்தால் பெரும்பாலும் பழையது. "இதுக்கு முன்னாடியே உங்களுக்கு ஒரு அட்டாக் வந்திருக்கு" என்ற செய்தி சிலருக்கு இங்கேதான் தெரிய வரும்.

பிறகு கையில் காடோலினியம் ஊசி. போட்டுவிட்டு 10 முதல் 20 நிமிடம் காத்திருந்து எடுப்பதுதான் எல்.ஜி.இ. என்னும் தாமதப் படம். இந்த ஸ்கேனின் உயிர் இதில்தான் இருக்கிறது.

காடோலினியம் உயிருள்ள செல்லுக்குள் போகாது. நல்ல தசையில் செல்கள் நெருக்கமாக இருப்பதால் மருந்து தங்க இடம் இல்லை, சீக்கிரம் கழுவிப் போய்விடும். செத்த செல்லின் உறை கிழிந்திருக்கும், மருந்து உள்ளே புகுந்து தேங்கும். மாதங்கள் கழித்து அந்த இடம் வடுவானாலும், நார்களுக்கு நடுவே இடம் அதிகம் இருப்பதால் அங்கேயும் தேங்கும். நல்ல தசை கறுப்பாகத் தெரியும்படி நேரத்தைப் பொருத்தி எடுத்தால், செத்த பகுதி வெள்ளையாக எழுந்து நிற்கும்.

இப்போது கடைமடைக்கு வருவோம். இதயத்தின் ரத்தக்குழாய்கள் வெளிப்புறத்தில் ஓடி அங்கிருந்து உள்நோக்கி இறங்குகின்றன. ஆக உள்சுவர்தான் கடைமடை. தண்ணீர் நின்றால் முதலில் காய்வது அதுதான். குழாய் மூடி அரை மணி நேரத்துக்குள் உள்சுவரில் சாவு தொடங்கி, அலை போல வெளிப்பக்கம் நகரும். பக்கத்துக் குழாயிலிருந்து கொஞ்சம்கூட ரத்தம் வராவிட்டால் சுமார் 6 மணி நேரத்தில் சுவரின் பெரும்பகுதி போய்விடும். ஓம வாட்டரிலும் சோடாவிலும் கழியும் நேரத்தின் விலை இதுதான்.

இதனால்தான் மாரடைப்பின் வெள்ளை எப்போதும் உள்சுவரைத் தொட்டபடி இருக்கும், ஒரு குழாயின் பாசனப் பகுதிக்குள் அடங்கும். தசை அழற்சியில் உள்சுவர் பெரும்பாலும் தப்பித்து, நடுவிலோ வெளிப்புறத்திலோ வெள்ளை விழும். டகோட்சுபோவில் வீக்கம் இருக்கும், வெள்ளை பொதுவாக இருக்காது.

வெள்ளைக்கு நடுவில் ஒரு கறுப்புத் திட்டு தெரிந்தால் அது நல்ல தசை என்று நினைத்துவிடக் கூடாது. பெரிய குழாய் திறந்தும், அதன் கிளையின் கிளையான நுண்குழாய்கள் அடைந்து, மருந்துகூட உள்ளே போக முடியாத இடம் அது. நுண்குழாய் அடைப்பு, எம்.வி.ஓ. என்பார்கள். இது இருந்தால் இதயம் பின்னால் விரிந்து தளரும் வாய்ப்பு கூடுதல், கண்காணிப்பு நெருக்கமாக இருக்க வேண்டும்.

அறைக்குள், குறிப்பாக நுனிப் பகுதியில், ஒட்டிக்கொண்டிருக்கும் கறுப்பு உருண்டை ரத்தக்கட்டி. முன்சுவர் அட்டாக்கில் இது அதிகம். எக்கோவுக்குத் தப்பும் சின்னக் கட்டியும் இந்தப் படத்தில் மாட்டிக்கொள்ளும். இது மூளைக்குப் போனால் பக்கவாதம். ஆகவே ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை வழக்கமாக மூன்று மாதம் கொடுத்து, மறுபடி படம் எடுத்துப் பார்ப்பார்கள்.

ஸ்ட்ரெஸ் எழுதியிருந்தால் இவற்றுக்கு முன்பாக 3, 4 நிமிடம் அடினோசின் ஓடும். முகம் சிவந்து நெஞ்சு இறுகும். நிறுத்திய ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும்.

படி 6: ரிப்போர்ட்டை வாசித்தல்

இடது கீழறையை 17 துண்டுகளாகப் பிரித்து எழுதியிருப்பார்கள்: வால்வை ஒட்டிய பக்கம் 6, நடுவில் 6, நுனியை ஒட்டி 4, நுனி 1. முன்சுவரும் நுனியும் பெரும்பாலும் எல்.ஏ.டி. என்ற இடது முன்புறக் குழாயின் பாசனம், கீழ்ச்சுவர் பெரும்பாலும் வலது குழாய், பக்கச்சுவர் சர்க்கம்ஃப்ளெக்ஸ் என்ற இடப்பக்கம் சுற்றிவரும் குழாய். கீழ்ச்சுவர் அட்டாக் என்றால் வலது கீழறையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள்.

எக்கோவில் பம்பிங் 42, இங்கே 37 என்று வந்தால் பதற வேண்டாம், இடையில் இதயம் கெட்டுப்போகவில்லை. அளக்கும் முறை வேறு. எக்கோவை எக்கோவோடும், எம்.ஆர்.ஐ.யை எம்.ஆர்.ஐ.யோடும்தான் ஒப்பிட வேண்டும்.

நீங்கள் தேடவேண்டிய முக்கியமான வரி, ஒவ்வொரு துண்டிலும் சுவரின் கனத்தில் எத்தனை சதவீதம் வடு என்பது. 25, 50, 75 என்று படிப்படியாக எழுதுவார்கள். 2000-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வுதான் இதற்கு அடிப்படை. 50 நோயாளிகளுக்கு ரத்த ஓட்டத்தைச் சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்தார்கள். அசைவு குறைந்திருந்தும் வடுவே இல்லாத துண்டுகளில் 78 சதவீதம் பிறகு நன்றாக அசையத் தொடங்கின. 75 சதவீதத்துக்கு மேல் வடு இருந்த 58 துண்டுகளில் தேறியது ஒன்றே ஒன்று. நடுவே 50 சதவீதத்தை ஒட்டி இருப்பவைதான் தலைவலி. அங்கே டாக்டரின் அனுபவம் பேசும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "உயிர் இருக்குன்னு வந்திருக்கு, அப்போ உடனே ஆபரேஷன்" என்று குதிக்காதீர்கள். 2022-ல் பிரிட்டனிலிருந்து வந்த ஆய்வில், பம்பிங் 35-லோ கீழேயோ இருந்து, உயிருள்ள தசையும் இருந்த 700 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். மருந்தோடு ஸ்டென்ட்டும் வைத்தவர்களுக்கும் மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கும் மரணத்திலோ இதயச் செயலிழப்பால் ஆஸ்பத்திரியில் சேர்வதிலோ வித்தியாசம் தெரியவில்லை. அவர்கள் புதிதாக மாரடைப்பு வந்தவர்கள் இல்லை, நாள்பட்ட தளர்ச்சி உள்ளவர்கள். அந்த நிலையில் இருப்பவர்களுக்கு வயபிலிட்டி என்பது முடிவுக்கான பல காரணங்களில் ஒன்றுதான்.

ரிப்போர்ட்டில் "வடு உள்ளது" என்று மட்டும் எழுதி, சதவீதமும் துண்டும் இல்லாவிட்டால் திரும்பக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. டாக்டரிடம் போகும்போது மூன்று கேள்வி போதும்: அசையாத பகுதியில் எவ்வளவு உயிரோடு இருக்கிறது? ரத்தக்கட்டியோ நுண்குழாய் அடைப்போ உண்டா? இந்தப் படத்தால் என் மருந்திலோ அடுத்த தேதியிலோ என்ன மாறுகிறது?

பெரியப்பாவுக்கு நுனியில் மூன்று துண்டு முழுக் கனத்துக்கும் வெள்ளை, முன்சுவரில் மற்றவை கால்வாசிக்கும் குறைவு. கட்டி இல்லை. மருந்தை விடாமல் சாப்பிட்டார். நான்காம் மாதம் மறுபடி எம்.ஆர்.ஐ. எடுத்தபோது பம்பிங் 46. ஐ.சி.டி. பேச்சு நின்றது. நுனி அசையவில்லை, அது இனி அசையாது என்பதையும் அவரிடம் சொன்னோம்.

கடைசியாக, ஃபிலிமை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். அசையும் சினி படங்கள் சி.டி.யில்தான் இருக்கும். அதை மருத்துவப் படங்களுக்கான டைகாம் (DICOM) வடிவத்தில் கேட்டு வாங்கி, ஸ்டென்ட் அட்டை, ஆஞ்சியோ சி.டி., டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றோடும் ஒரே பையில் போட்டு, அவசரத்தில் வீட்டில் யார் தேடினாலும் கிடைக்கும் இடத்தில் மாட்டி வையுங்கள். அடுத்த படம் எடுக்கும்போது ஒப்பிடப் பழையதைக் கேட்பார்கள்.